பார்த்திருக்கலாம், ஆனால்

நவம்பர் 14, செவ்வாய்

யாராவது இந்த நோட்டைப் பறித்துக்கொண்டு போய்ப் படித்தால் புரியட்டும் என்று முதலிலேயே எழுதிவைக்கிறேன். என் பெயர் ஆரோக்கிய டைட்டஸ். ஊர் பெரியதாழை. நிலக்கரி ஏற்றிச் செல்லும் இந்தக் கப்பலில் மாலுமி. நேற்று காலை நான்கிலிருந்து எட்டு மணிவரை, கப்பலை நடத்தும் மேல்தள அறையான பிரிட்ஜில் நின்று கடலைப் பார்க்கும் வேலை என்னுடையது.

ஐந்து மணிக்குமேல், இருட்டு விலகாத நேரம், வலப்பக்க முன்புறத்தில் ஒரு விளக்கைப் பார்த்தேன். பார்த்ததும் சீஃப் ஆபீசர் தயாளன் சாரிடம் சொன்னேன். கப்பலை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். நடத்துகிறவர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரக்குக் காகிதங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை.

"வலை மிதவையா இருக்கும் டைட்டஸ், பாத்துக்கோ" என்றார்.

கொஞ்ச நேரத்தில் விளக்கைக் காணவில்லை. அதையும் போய்ச் சொன்னேன்.

"தாண்டிப் போயிருக்கும்" என்றார்.

ஒன்பதரை மணிக்குக் கோஸ்ட் கார்டு ரேடியோவில் கூப்பிட்டது. மரப்படகு ஒன்று பிளந்து கிடக்கிறது, அதில் இருந்த மூன்று பேரில் ஒருவரை இன்னொரு படகு தூக்கிவிட்டது, கப்பலைத் திருப்பி அருகிலுள்ள துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போடு என்றது. முப்பதாயிரம் டன் இரும்புக்கு ஒரு மரப்படகு தட்டியது தெரியாது. எனக்கும் தெரியவில்லை. மாதா சத்தியமாகத் தெரியவில்லை.

நங்கூரம் போட்டு ஒருநாள் ஆகிறது. கரை தெரிகிறது, இறங்க அனுமதி இல்லை. மதியம் பருப்பும் முட்டைக்கோசும். இரண்டாம் கிடங்கு மூடியில் துருத் தட்டினேன். ஒவ்வொரு தட்டும் தயாளன் சார் கம்ப்யூட்டர் மேல் விழுவதாக நினைத்துத் தட்டினேன்.

நவம்பர் 15, புதன்

முகப்புக்குக் கீழே கயிற்றேணியில் இறங்கிப் பார்த்தோம். தண்ணீர்மட்டத்துக்கு மேலே ஒரு கை நீளத்துக்கு நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. எங்கள் கப்பலில் நீலமே கிடையாது.

நவம்பர் 16, வியாழன்

ஒருவர் உடல் கிடைத்துவிட்டது. இன்னொருவரைத் தேடுகிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களாம், இந்தக் கரையில் வந்து தங்கித் தொழில் செய்கிறவர்கள். சமையற்காரர் ரேடியோவில் கேட்டுவந்து சொன்னார். 

இன்றைக்குக் கப்பல் ஆபீசைக் கூட்டித் துடைக்கும் முறை என்னுடையது. ஜெராக்ஸ் மெஷின் மேல் தயாளன் சாருடைய வாக்குமூலம் கிடந்தது. இங்கிலீஷில் இரண்டு பக்கம். என் பெயர் கண்ணில் பட்டால் யார் படிக்காமல் இருப்பார்கள்? இரண்டாம் பக்கத்தில் நடுவில் இருந்த வரியை அப்படியே கையில் எழுதிக்கொண்டு வந்தேன்.

'தி லுக்அவுட் மே ஹேவ் மென்ஷண்ட் எ லைட், பட் ஹீ சர்ட்டன்லி டிட் நாட் ரிப்போர்ட் எ வெசல்.'

மூன்றுமுறை படித்தேன். லுக்அவுட் என்றால் நான். லைட் தெரியும், வெசல் என்றால் கப்பலோ படகோ. மென்ஷண்ட் என்றால் பேச்சோடு பேச்சாகச் சொல்வது. விளக்கு ஒன்றைப் பற்றி அவன் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம், ஆனால் படகு என்று அவன் நிச்சயமாக அறிவிக்கவில்லை.

சொல்லியிருக்கலாமா? அவர் காதுக்கு மூன்றடி தள்ளி நின்று சொன்னேன். அவர் பதிலும் சொன்னார். அந்தப் பதில் இரண்டு பக்கத்திலும் எங்கேயும் இல்லை.

நவம்பர் 17, வெள்ளி

அடுத்த பரீட்சைக்கு இங்கிலீஷ் வேண்டும் என்று போன லீவில் செல்சி ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கித் தந்தாள். என் மனைவிக்கு என்னை மாலுமிகளின் தலைவனாக, போஸன் ஆக்கிப் பார்க்க ஆசை. ஆறு மாதமாகப் பெட்டிக்கு அடியில் கிடந்ததை இன்றைக்கு எடுத்தேன். பதினான்காம் பாடம் முழுக்க இந்த வரியைப் பற்றித்தான்.

உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். விடுதி சிறியதாக இருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சுத்தமானது. எதிராளி சொல்வதை 'மே' போட்டு முன்பாதியில் வை, நீ சொல்ல வந்ததை 'பட்' போட்டு, 'சர்ட்டன்லி' சேர்த்துப் பின்பாதியில் வை, கேட்கிறவர் மனதில் பின்பாதிதான் நிற்கும் என்று கீழே விளக்கம். கொடுப்பதுபோல் கொடுத்துப் பிடுங்குவதற்கு இவர்கள் பாடம் போட்டு, பயிற்சி போட்டு, கோடிட்ட இடத்தையும் நிரப்பச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் தயாளன் சார் அறைக்கே போனேன். சென்னைக்காரர். எனக்கு ஏழு வயது மூத்தவர். தனியாக இருந்தால் என்னிடம் தமிழ்தான்.

"சார், நான் சொன்னேனா சொல்லலையா?"

"சொன்ன. யாரு இல்லன்னா?"

"நீங்க எழுதினதுல சொல்லியிருக்கலாம்னு இருக்கு."

எங்கே பார்த்தாய் என்று கேட்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். "டைட்டஸ், அந்த 'மே' சந்தேகம் இல்லடா. ஒத்துக்கறதுக்குப் போடற 'மே'. நீ சொன்னத நான் ஒத்துக்கிட்டேன்னுதான் அர்த்தம். க்ராமர் அப்படி."

"ஒத்துக்கிட்டீங்கன்னா 'ஹீ ரிப்போர்ட்டட்'னு எழுதுங்க சார். ரெண்டே வார்த்தை."

"அது வேற மாதிரி போயிடும்."

"எங்க போயிடும்?"

திரும்பிப் போய் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "உனக்கும் சேத்துத்தான்டா அப்படி எழுதியிருக்கேன்" என்றார்.

கதவை அறைந்துவிட்டு வந்தேன். எனக்குச் சேர்த்து எழுத இவர் யார்? இவர் நாற்காலியை விட்டு நான்கு எட்டு வைத்து வந்து கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தால் போதும். அதற்கு எந்த இலக்கணமும் தேவையில்லை.

நவம்பர் 18, சனி

பிரிட்ஜில் நடக்கும் பேச்சையெல்லாம் பதிவுசெய்யும் பெட்டி ஒன்று உண்டு. நான் சொன்னதும் அவர் சொன்னதும் அதில் இருக்கும், அதைப் போட்டுக் கேட்கட்டும் என்று தெம்பாக இருந்தேன். விபத்து என்று தெரிந்தவுடன் சேமிக்கும் பொத்தானை அழுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் பன்னிரண்டு மணிநேரத்தில் பழையது அழிந்து அதன்மேல் புதியது ஏறிவிடும். கேப்டன் அழுத்தவில்லை. பரபரப்பில் மறந்திருக்கலாம் என்கிறார்கள்.

எத்தனை 'இருக்கலாம்'.

செல்சி போன் பண்ணினாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "நீங்க பார்த்த ஒடனே சொல்லிட்டீங்கல்லா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்னு எத்தன தடவ சொல்லுதது ஒனக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருந்தாள்.

"மகா பேசணும்ங்கா, குடுக்கட்டா?" என்றாள். மகளிடம் பேசாமல், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பூசை இல்லை. துணி துவைத்தேன். இரண்டாவது உடலும் கிடைத்துவிட்டது.

நவம்பர் 20, திங்கள்

கம்பெனியின் வக்கீல் படகில் வந்து ஏறினார். குல்கர்னி மேடம். ஐம்பது வயது இருக்கும். உயிர்காக்கும் சட்டையைக் கழற்றக்கூட மறந்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். என்னிடம் இந்தியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், டீ குடித்தீர்களா என்று கேட்டார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

என் வாக்குமூலத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பக்கம். நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். விசாரணை அதிகாரி நாளை மறுநாள் வருகிறார், அதற்குள் தயாராக வேண்டும் என்றார்.

உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். ஐந்து மணி பதினான்கு நிமிடத்தில் மங்கலான ஒரு விளக்கை நான் ஒருவேளை பார்த்திருக்கக்கூடும், ஆனால் அது படகு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆபீசரிடம் அதைக் குறிப்பிட்டிருக்கலாம், ஆனால் சரியாக என்ன வார்த்தைகள் என்று தெளிவாக நினைவில்லை. மைட், பாசிப்லி, குட் நாட், டெஃபினிட்லி. பதினான்காம் பாடத்தை அப்படியே என் வாயில் திணித்திருந்தார்கள்.

"இது நான் சொன்னது இல்லை மேடம்."

"இதில் எது பொய்? காட்டுங்கள், எடுத்துவிடலாம்."

தேடினேன். அது படகு என்று நான் உறுதியாகச் சொல்லவில்லைதான். விளக்கு மங்கல்தான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் எதையும் பொய் என்று பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் அன்றைக்குக் கடலில் யாருமே இல்லை.

"நான் பார்த்தேன். 'ஐ சா'. அப்படிப் போடுங்கள்."

அவர் பேனாவை மூடினார். "போடலாம். நிச்சயமாகப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால், முதன்முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். பிறகு, பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். உங்கள் ஆபீசர் அதையும் என்னிடம் சொல்லியிருக்கிறார், டைட்டஸ். எழுத வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்."



"இந்த வார்த்தைகள் ஆபீசரை மட்டும் காப்பாற்றவில்லை" என்றார். "யோசியுங்கள்."

காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கிழித்துப்போட வேண்டும் என்று கை பரபரத்தது. கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதை இப்போது எழுதும்போது என்மேலேயே காறித் துப்பலாம்போல் இருக்கிறது.

நவம்பர் 21, செவ்வாய்

முன்னால் எழுதிய பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். 'பார்த்ததும் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். யாருக்காக அப்படி எழுதினேன்? இந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. இதில் யாரும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

நடந்ததை எழுதுகிறேன்.

நான்கு நாள் ஆழ்கடலில் சிக்னல் இல்லை. அன்று ஐந்து மணிக்குக் கரைப்பக்கம் வந்ததும் சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. காவல் நிற்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தேன். பிரிட்ஜுக்கு வெளியே பக்கத்தளத்தில் போய் நின்றேன். மகள் குரலில் வரிசையாகச் செய்திகள். ஸ்கூலில் நடனத்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள், பல் ஆடுகிறது, பல் விழுந்துவிட்டது, அப்பா ஏன் கேட்க மாட்டேன்கிறீர்கள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே கடலைப் பார்த்தேன். அப்போதுதான் விளக்கு தெரிந்தது. மணி ஐந்து எட்டு. போனிலேயே மணி தெரிந்தது, அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வலை மிதவையாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தது நான். தயாளன் சார் பிறகுதான் சொன்னார். மிதவையாக இருக்கலாம், ஆனால் எதற்கும் சொல்லிவிட வேண்டும், இந்த ஒரு செய்தியைக் கேட்டுவிட்டு. அப்படித்தான் நினைத்தேன். ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஓடியது. உள்ளே போய்ச் சொல்லும்போது ஐந்து பதினான்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். அவர் அதைப் பார்த்தார்.

விளக்கு மறைந்தது ஐந்து இருபத்தொன்று. ஏழு நிமிடம் அவர் கையில் இருந்தது. அதற்கு முன்னால் ஆறு நிமிடம் என் கையில் இருந்தது.

என் ஆறு நிமிடத்தால் அவருடைய ஏழு நிமிடம் குறைந்துவிடாது. அவர்மேல் எனக்குள்ள ஆத்திரமும் குறையவில்லை. எழுந்து வந்திருக்க வேண்டும் அவர். ஆனால் ஒரு வாரமாக அந்த ஆத்திரத்துக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தேன். அவருக்கு 'மே' எப்படியோ எனக்கு அந்த ஆத்திரம் அப்படி.

நவம்பர் 22, புதன்

விசாரணை அதிகாரி காலையில் வந்தார். கேப்டன் அறையில் நீளமேசை. வயதானவர், முன்பு கப்பலில் இருந்தவராம். பக்கத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண். எதிரே குல்கர்னி மேடம். தயாளன் சார் முடித்துவிட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது தோளைத் தொட்டு, "ஸ்மூத்தா முடிச்சுடு" என்றார். நான் நகர்ந்துகொண்டேன்.

வாக்குமூலத்தைத் தாருங்கள் என்றார் அதிகாரி. மடித்த காகிதம் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து வக்கீல் முன்னால் வைத்தேன்.

"இது என்னுடையது இல்லை சார். நான் வாயால் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்கிறேன்."

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டினார்.

காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஐ சா எ லைட். டைம் ஃபைவ் ஜீரோ எய்ட். ஐ வாஸ் லிசனிங் டு மை போன். ஐ டிட் நாட் ரிப்போர்ட். ஃபைவ் ஃபோர்ட்டீன், ஐ ரிப்போர்ட்டட். சீஃப் ஆபீசர் செட், நெட் பாய் (வலை மிதவை). ஹீ டிட் நாட் கம். ஹீ டிட் நாட் லுக். ஃபைவ் ட்வென்ட்டி ஒன், நோ லைட். ஐ ரிப்போர்ட்டட் அகெய்ன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மே பி ஃபைவ் ஜீரோ எய்ட்?" என்று கேட்டார். தோராயமாகவா என்ற அர்த்தத்தில்தான் கேட்டார். தப்பாகக் கேட்கவில்லை.

"நோ மே பி, சார்."

போனை எடுத்துக் காட்டினேன். செய்திகளைக் கேட்ட நேரம் அதில் வரிசையாக நின்றது. மகளின் செய்திகளை ஓர் அந்நியர் மேசைமேல் வைத்து நிமிடம் நிமிடமாகக் குறித்துக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை.

இதற்கு என்ன விளைவு என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே தயாளன் சார் காத்திருந்தார். மேடம் அவரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"என்ன மயிருக்குடா சொன்ன? நீயும் போற, நானும் போறேன். செத்தவங்க திரும்பி வரப்போறாங்களா?"

"வர மாட்டாங்க சார். சர்ட்டன்லி."

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு நெஞ்சு கசந்தது.

நவம்பர் 23, வியாழன்

கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். மாலுமிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வேறு கப்பல் கிடையாது, முடிந்த பிறகும் கிடைக்காது. தயாளன் சாரையும் இறக்கிவிட்டார்கள். ஒரே படகில் வந்தோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். 

செல்சிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு, "மகாட்ட இத எப்பவும் சொல்லாதீங்க" என்றாள். அதுமட்டும்தான். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

நவம்பர் 24, வெள்ளி

நாளைக்கு ரயில். பிழைத்தவர் இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய் என்ன சொல்ல? போகாமல் ஊர் போய்ச் சேர்ந்து என்ன செய்ய? லாட்ஜ் அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தேன். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நவம்பர் 25, சனி

காலையில் போனேன். ஆண்கள் வார்டு, கோடியில் உள்ள கட்டில். பெயர் ததேயுஸ். என் வயதுதான் இருப்பார். இடது காலில் மாவுக்கட்டு, கழுத்தெல்லாம் கீறல். இறந்தவர்களில் ஒருவர் அவர் அண்ணன் கிளீட்டஸ். மற்றவர் படகின் சொந்தக்காரர் பத்ரோஸ்.

நான் யார் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவுபண்ணித்தான் போயிருந்தேன். அவர் கட்டில் ஓரத்தைக் காட்டினார். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொன்னேன், தமிழில். ஐந்து எட்டு, ஐந்து பதினான்கு, ஐந்து இருபத்தொன்று. போன், மகள், எல்லாம்.

கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கேன். மொதல்ல கண்டப்பமே நீரு சொல்லியிருந்தா, அவனுவ பொழச்சிருப்பானுவளா?"

இருக்கலாம் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆறு நிமிடம் முன்னால் சொல்லியிருந்தாலும் அந்த ஆள் எழுந்து வந்திருக்க மாட்டார், அதனால் ஒருவேளை, யார் கண்டது. எவ்வளவு சுலபமான சொல். சொல்லியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்தான்.

ஆறும் ஏழும் சேர்ந்து பதின்மூன்று நிமிடம் இருந்திருந்தால் நானே போய்த் தயாளன் சார் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். கேப்டனை எழுப்பியிருப்பேன். போனில் ஆறு நிமிடம் போய்விட்டதே என்ற வெட்கத்தில்தான் ஒருமுறை சொன்னதோடு வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதை இதுவரை நோட்டில்கூட எழுதவில்லை.

"பொழச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"எஞ்சின் நின்னு போச்சு. நாங்க டார்ச்ச அடிச்சோம், சட்டையக் கழத்தி வீசினோம். பத்ரோஸ் கடல்ல சாடுவோம் சாடுவோம்னு கெடந்து விளிச்சாரு. எனக்க அண்ணன்தான் விடல்ல. அவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு ஆளு நிக்காமலா இருப்பான், கண்டிருப்பான், இப்பம் திருப்பிருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தான். கிட்ட வந்த பெறவும் சொன்னான், கண்டிருப்பான்லேன்னு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டேன்" என்றேன்.

"ம்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.